முடியாத வீட்டுக்கு முடிவுத் தேதி

1. மறுபடியும் ஒரு முதல் நாள்

"அப்பா, உங்க தலைப்பு என்னன்னு போடட்டும்?" என்று கேட்டாள் என் மகள் கலைச்செல்வி.

"தலைப்பா? எதுக்கு?"

"உங்க பேருக்குக் கீழ வரும்ப்பா. நீங்க யாருன்னு ஒரே வரியில சொல்லணும்."

"வயரிங் ராமலிங்கம்னு போடு. காரைக்குடியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாக."

அவள் சிரித்துக்கொண்டே ஏதோ தட்டினாள். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டியபோது என் பெயருக்குக் கீழே 'பாரம்பரியக் கட்டட மின்னமைப்பு நிபுணர், தொலைநோக்காளர்' என்று இருந்தது. பேப்பர் படிக்கவே கண்ணாடி தேடுகிற ஆள் நான். என்னைப் போய்த் தொலைநோக்காளர் என்றால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டேன். "அங்க எல்லாருமே தொலைநோக்காளர்தான்ப்பா. நாம மட்டும் சும்மா இருந்தா நம்மளைத்தான் ஒரு மாதிரியாப் பாப்பாக" என்றாள்.

வேலை பார்க்கிறவர்களும் வேலை கொடுக்கிறவர்களும் கூடுகிற ஒரு வலைத்தளத்தில் நான் சேர்ந்த கதை இது. எங்கள் கடை மேஜையில், சுவிட்ச் டப்பாக்களையும் ஒயர் சுருள்களையும் ஒதுக்கிவிட்டு, போன வருடம் நடந்தது. கலை என் ஒரே மகள். எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்துவிட்டுச் சென்னையில் பெரிய கட்டுமானக் கம்பெனியில் இருந்தாள். அவள் அம்மா இறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். வந்த அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "ஒரு வருஷம் பாக்குறேன்ப்பா. நம்ம கடையைப் பெருசாக்க முடிஞ்சா இங்கயே இருந்துக்கிறேன். இல்லைன்னா மறுபடி சென்னைதான்."

அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் எனக்காக இருந்துவிடுவாள், பிறகு காலம் முழுக்க அது என் மனதை அரிக்கும். எனக்கு வருகிற ஃபேன் மாட்டுகிற வேலை, மோட்டார் ஸ்டார்ட்டர் மாற்றுகிற வேலையை வைத்துக்கொண்டு ஒரு இன்ஜினீயரைக் கடையில் உட்கார வைக்கவும் முடியாது. பெரிய வேலை ஒன்று வேண்டும்.

அப்படி ஒரு வேலை கண்ணில் பட்டது. பக்கத்து ஊரில் செட்டியார் வீடு ஒன்றை வாங்கி ஓட்டலாக மாற்றப்போகிற சென்னைக் கம்பெனிக்கு வயரிங் கான்ட்ராக்டர் தேவைப்பட்டார். கலை அவர்களிடம் பேசினாள். பர்ச்சேஸ் மேனேஜர் ஒரு தம்பி வீடியோவில் வந்தார். நல்ல மரியாதையான பிள்ளை.

"சார், உங்க அனுபவத்தப் பத்தி மேடம் சொன்னாங்க. உங்களுக்கு ஆன்லைன்ல புரொஃபைல் எதுவும் இருக்கா?"

"நான்தான் இந்தா உக்காந்திருக்கேனே தம்பி, என்னையே கேளுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் புரொஃபைல் இல்லாமல் மேலிடத்தில் காட்ட முடியாது என்பதையும் சொன்னார். அதனால்தான் அந்தத் தலைப்பு வைக்கும் வைபவம்.

தலைப்பு தாண்டியதும் செய்த வேலைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய வருடம், முடிந்த வருடம் கேட்டது அந்தத் தளம். எனக்குப் பெரிய வேலை என்றால் நேமத்தான்பட்டிச் செட்டியார் வீடுதான்.

"எப்ப ஆரம்பிச்சீக?"

"நீ பொறக்குறதுக்கு முன்னாடி."

"எப்ப முடிச்சீக?"

"எங்க முடிஞ்சது? இன்னும் ரெண்டு அறை கெடக்கு."

கலை கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டாள். "அப்பா, இப்பவும் நடக்குதுன்னு போட்டா, ஒரே வீட்டை இத்தனை வருஷமா இழுத்துக்கிட்டு இருக்குற கான்ட்ராக்டர்னு நினைச்சிருவாகப்பா" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். முன்பின் தெரியாதவன் வேறு எப்படி நினைப்பான்?

2. வாழ்த்துகள், வாழ்த்துகள்

சேர்ந்த வாரத்திலேயே பலர் என்னை வாழ்த்தினார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரிந்திருக்காது. புனேயிலிருந்து ஒருவர் எனக்குத் தலைமைப் பண்பு உண்டு என்று சான்று கொடுத்திருந்தார். நான் ஏணியில் நின்று கீழே இருப்பவனைப் பார்த்துக் கத்துகிறதை அவர் எங்கே பார்த்தார் என்று கலையிடம் கேட்டேன். "அது ஒரு பட்டன்ப்பா, எல்லாரும் அமுக்குவாக" என்றாள்.

இருந்தாலும் ஒருவர் நம்மைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் பதில் சொல்வதுதானே முறை. 'நல்லா இருக்கீங்களா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?' என்று அந்தப் புனேக்காரருக்குக் கலையை எழுதச் சொன்னேன். உடனே பதில் வந்தது. எனக்கு ஓய்வுகாலத் திட்டம் எதுவும் இருக்கிறதா, இல்லாவிட்டால் தன்னிடம் ஒரு நல்ல பாலிசி இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதோடு அந்தச் சிநேகம் முடிந்தது.

பிறகு ஓர் இலவசப் பயிற்சி வகுப்பு. நம்மை நாமே எப்படி விற்பது என்பது பாடம். தினமும் ஒரு பதிவு போட வேண்டும், அதில் கண்ணீர் இருக்க வேண்டும், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே நிறைய இடம் விட வேண்டும் என்று ஒருவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நானும் சிரத்தையாக ஒரு பதிவு சொன்னேன், கலை அடித்தாள். சுண்ணாம்புச் சுவரை வெட்டாமல் தேக்குச் சட்டம் அடித்து அதன் மேல் ஒயர் ஓட்டுகிற பேட்டன் வயரிங் பற்றி, எர்த் கம்பி விஷயத்தில் எங்கே தப்பு நடக்கும் என்பது பற்றி. யாரும் சீண்டவில்லை. இரண்டு நாள் கழித்து நான் காபி குடிக்கிற படத்தை 'எளிமையே வலிமை' என்று கலை போட்டாள். ஜனம் அள்ளிக்கொண்டு வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஆத்திரம் அந்தத் தளத்தின் மேல் மட்டும் இல்லை. என் மகள் ராத்திரி பகலாகப் படித்து வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு, அப்பன் காபி குடிப்பதைப் படம் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது.

3. யார் வீட்டுப் பிள்ளை?

நான் வேலை பிடித்த கதையே வேறு. அப்போது நான் மைக் செட்டுக்காரர் ஒருவருக்குத் துணையாள். நேமத்தான்பட்டியில் ஒரு கல்யாணம். மத்தியானப் பந்தி நடக்கிறபோது வீடு முழுக்கக் கரண்டு போனது. ஃபியூஸ் கட்டையை எடுத்துப் பார்த்தேன், கம்பி எரிந்திருந்தது; புதுக் கம்பி போட்டும் உடனே எரிந்தது. வளவு நடையில் போகிற பழைய லைனில்தான் கோளாறு. வளவு என்றால் முற்றமும் அதைச் சுற்றி நடையும் அறைகளுமாக இருக்கிற உள்கட்டு. அந்த ஒரு லைனை மட்டும் கழற்றிவிட்டு மற்றதை ஓட விட்டேன். பந்தியில் பாயசம் வருவதற்குள் ஃபேன் சுற்றியது.

வீட்டுப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். என்ன படித்தாய், எத்தனை வேலை முடித்தாய் என்றெல்லாம் கேட்கவில்லை.

"யாரு வீட்டுப் பிள்ளை நீ?"

அப்பா பெயரைச் சொன்னேன். அப்பா மர ஆசாரி. அந்த வீட்டுக் கதவு ஒன்றுக்குக் கீல் மாற்றிக் கொடுத்தவர்.

"அந்த ஆசாரி மகனா? அப்பச் சரி. இந்த வீட்டை நீயே பாரு" என்றார். என் புரொஃபைல் அவ்வளவுதான்.

அந்த வீட்டில் வேலை செய்கிற முறையையும் அவர்தான் சொன்னார். வளவைச் சுற்றி இருக்கிற அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளிக்கு. மகனுக்குக் கல்யாணமானால் அவனுக்கு ஓர் அறை, அதற்குள் அவன் பெண்டாட்டி கொண்டுவந்த சீர், அதற்கு ஒரு பூட்டு. சாவி அவரவரிடம். அவர்கள் சென்னையில் இருப்பார்கள், மலேசியாவில் இருப்பார்கள். வீட்டில் கல்யாணம், சாமி கும்பிடுவது என்றால்தான் வந்து திறப்பார்கள்.

"அடைச்ச கதவு அடைச்சபடியே இருக்கட்டும். நீ லைனைக் கதவு வரைக்கும் கொண்டாந்து நிறுத்து. அவுக வந்து திறந்தா உள்ள வேலை பாரு. வரலைன்னா வர்ற வரைக்கும் இரு" என்றார் பெரியவர்.

அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு கதவு நிலைக்கு மேலேயும் ஒயரைச் சுருட்டி, நுனியில் டேப் சுற்றி விட்டுவைத்தேன். அதற்கு யாரும் தெரியாமல் கனெக்ஷன் கொடுத்துவிடக் கூடாது என்று அந்த லைன்களுக்கு மெயின் போர்டில் தனித்தனி ஃபியூஸ் வைத்து, அந்தக் கட்டைகளைக் கழற்றியும் வைத்தேன். பிறகு வருடத்துக்கு ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று அறைகள் திறந்தன. பினாங்கிலிருந்து ஒரு குடும்பம் வரும். "ராமலிங்கத்தைக் கூப்பிடு" என்பார்கள். நான் ஏணியோடு போவேன். உள்ளே பித்தளையும் எனாமல் தூக்குகளும் அடுக்கியிருக்கும். லைட்டைப் போட்டதும் அந்த வீட்டுப் பெண்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதற்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் பஸ் ஏறலாம். கிளம்பும்போது இன்னொரு வீட்டுக்காரர் வாசலில் நின்று, "எங்க வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்பார். எனக்கு வேலை வந்த வழி இதுதான். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசுக்குள் ஈரமாகிறது.

4. பூட்டிய அறையும் ஒரு பதிவும்

ஓட்டல் கம்பெனித் தம்பி மறுபடி பேசினார். பழைய வீடு ஒன்றை முழுதாக முடித்துக் கொடுத்ததற்கு ஆதாரம் இருந்தால் வேலை எங்களுக்கே என்பது போலச் சொன்னார். கலைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நேமத்தான்பட்டி வீட்டை இப்போது கவனித்துக்கொள்கிறவர் வள்ளியம்மை ஆச்சி. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர், காரைக்குடியிலேயே வீடு. அவரிடம் கேட்டுக்கொண்டு போய் முகப்பையும் வளவையும் படம் எடுத்து வந்தாள். எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி படங்கள். இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதிப் போட்டாள். எனக்குக் காட்டினாள். படத்தைப் பார்த்துத் தலையாட்டினேன், எழுத்து பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

மறுநாள் காலையில் ஆச்சி போன் பண்ணினார். குரல் வழக்கம்போல இல்லை.

"என்ன ராமலிங்கம், இப்படிப் பண்ணிட்டீக?"

"என்ன ஆச்சி, என்னாச்சு?"

"கோலாலம்பூர்ல இருந்து சிதம்பரம் பேசுனாக, எனக்குப் பங்காளி வகையில கொழுந்தன். அவுகளும் நாங்களும் பேசி எத்தனையோ காலமாச்சு. இப்பப் பேசுன மொதப் பேச்சே, 'எங்க ஆத்தா அறையை உடைச்சீகளா?'ங்கிறதுதான். வீட்ல ஒரு அறை விடாம வயரிங் முடிஞ்சதுன்னு ஒங்க பேர்ல போட்டுருக்காமே?"

பாக்கி இருக்கிற இரண்டு அறைகளில் ஒன்று சிதம்பரம் செட்டியாருடையது. அவர் அம்மா இறந்த பிறகு அந்த அறை திறக்கப்படவே இல்லை. சாவி அவரிடம் இருக்கிறது. பங்காளிகளுக்குள் ஏதோ மனத்தாங்கல், அதோடு அவர் ஊருக்கு வருவதும் நின்றுபோனது. அப்படிப்பட்டவர் கண்ணில் இது பட்டால் என்ன நினைப்பார்?

கலை லேப்டாப்பைத் திறந்தாள். பதிவுக்குக் கீழே வரிசையாக வாழ்த்துகள். நடுவில் அவருடைய வரிகள். 'இது எங்கள் வீடு. வடக்கு நடையில் கடைசி அறை என் தாயாருடையது. சாவி என்னிடம் இருக்கிறது. அதைத் திறந்தது யார்?' என்று கேட்டிருந்தார். அதற்கு அடுத்ததாக ஒருவர், 'அருமை! மேலும் உயர வாழ்த்துகள்!' என்று எழுதியிருந்தார்.

"எதுக்குத் தாயி அப்படி எழுதுன?"

"ரெண்டே ரெண்டு ரூம்தானப்பா பாக்கி. சென்னையில இவ்வளவு முடிஞ்சாலே முடிஞ்சதுன்னு சர்டிபிகேட் கொடுத்துருவோம். அந்த மாதிரி நினைச்சுட்டேன்" என்றாள்.

"மொதல்ல அதை அழி. பூராத்தையும் அழி. அந்த எழவுத் தளமே வேண்டாம்" என்று கத்தினேன். எத்தனையோ வருடங்களாக மற்றவர்கள் பூட்டுக்கு முன்னால் நின்று வேலை பார்த்தவன் நான். ஒரு பூட்டை உடைத்தான் என்ற பேச்சு கிளம்பினால் இந்தப் பக்கத்தில் எந்த வீட்டு வாசலும் ஏற முடியாது. எனக்குப் போனால் போகட்டும், வயதாகிவிட்டது. கலை எந்த முகத்தோடு கடை நடத்துவாள்?

கலை அழிக்கவில்லை. "அழிச்சா மறைச்ச மாதிரி ஆயிரும்ப்பா. அவுக கேட்டதுக்குப் பதில் அங்கயேதான் சொல்லணும்" என்றாள்.

"ஓட்டல்காரக பாப்பாகளே?"

"பாக்கட்டும்."

5. கலை எழுதியது

இந்தத் தடவை தமிழில், தன் பெயரைப் போட்டே எழுதினாள். நான் ஒரு வார்த்தையும் சொல்லித் தரவில்லை. அவள் எழுதியது இவ்வளவுதான்:

'நான் எழுதியது தவறு. நேமத்தான்பட்டி வீட்டின் வயரிங் முடியவில்லை. இரண்டு அறைகள் பாக்கி இருக்கின்றன. அந்தக் கதவுகளுக்கு வெளியே வரை என் அப்பா லைன் இழுத்து, நுனியில் டேப் சுற்றி வைத்திருக்கிறார். உரியவர்கள் வந்து திறக்காமல் நாங்கள் உள்ளே போக மாட்டோம். அந்தப் பூட்டுகளை யாரும் தொடவில்லை. வேலை எப்போது முடியும் என்று எங்களுக்குத் தெரியாது. என் சொல்லால் அந்தக் குடும்பத்துக்கு ஏற்பட்ட மன வருத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.'

காபி டம்ளருக்குக் கூடிய கூட்டம் இதற்கு எட்டிப் பார்க்கவில்லை. யாரோ ஒருவர் மட்டும் பழக்கதோஷத்தில் வாழ்த்துச் சொல்லியிருந்தார். கோலாலம்பூரிலிருந்து பதில் எதுவும் இல்லை.

ஓட்டல் கம்பெனித் தம்பி போன் பண்ணினார். "சார், தப்பா நினைக்காதீங்க. எப்ப முடியும்னு தெரியாதுன்னு நீங்களே ஊரறிய எழுதிட்டீங்க. எங்க மேனேஜ்மென்ட்ல எப்படி சார் ஒத்துக்குவாங்க? எங்களுக்கு ஓப்பனிங் தேதி இருக்கே" என்றார். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் வாங்கிய வீட்டில் பூட்டிய அறைகள் இல்லை, எல்லா அறைக்கும் ஒரே முதலாளி. அவருக்கு இது எப்படிப் புரியும்?

அந்த வாரமே கலை முன்பு வேலை பார்த்த சென்னைக் கம்பெனி அவளைத் திரும்பக் கூப்பிட்டது. "அடுத்த மாசம் சேரச் சொல்றாகப்பா. ரெண்டு நாள்ல பதில் சொல்லணும்" என்றாள், தோசையைப் பிய்த்துக்கொண்டே. நல்லது தாயி, போயிட்டு வா என்று சொல்ல நினைத்தேன். கை கழுவுகிற சாக்கில் பின்கட்டுக்குப் போய் நின்றேன். அவள் அம்மா போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

6. வடக்கு நடை, கடைசி அறை

அடுத்த நாள் ஆச்சியிடமிருந்து மறுபடி போன். "சிதம்பரம் வந்துருக்காக. வீட்டுக்குப் போயிருக்காக. ஒங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னாக" என்றார். எதற்கு என்று கேட்டேன். சொல்லவில்லை என்றார்.

பைக்கில் ஏணியைக் கட்டவில்லை. திட்டு வாங்கப் போகிறவனுக்கு ஏணி எதற்கு? டூல் பையை மட்டும் பழக்கத்தில் மாட்டிக்கொண்டேன். கலை பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

வடக்கு நடையில் சிதம்பரம் செட்டியார் அந்த அறைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஆச்சி இரண்டு அடி தள்ளி நின்றார். பூட்டு துருவேறிப் போய் அப்படியே இருந்தது. நிலைக்கு மேலே நான் சுருட்டி வைத்த ஒயர், டேப் வெளுத்துப்போய், ஒட்டடைக்குள் தொங்கியது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் நீங்க விட்ட லைனா?"

"ஆமாங்கய்யா. ஒங்க ஆத்தா இருக்கும்போது விட்டது. மகன் வந்து திறப்பான், அப்பப் போட்டுக்கலாம்னு சொன்னாக."

அவர் கலையைப் பார்த்தார். "எழுதுனது நீதானா?"

"தப்பா எழுதுனதும் நான்தான், திருத்தி எழுதுனதும் நான்தான் ஐயா."

"திருத்தி எழுதுனதை என் பிள்ளைகளுக்குப் படிச்சுக் காமிச்சேன். அதுகளுக்குத் தமிழ் வாசிக்க வராது" என்றார். "ஆத்தாவுக்கு ஒரு அறை இருக்குன்னே அதுகளுக்கு அப்பத்தான் தெரியும். அப்பறம் எனக்கு அங்க இருக்க முடியல. கெளம்பி வந்துட்டேன்."

சாவியைப் போட்டுத் திருப்பினார். சுற்றவில்லை. என் பையிலிருந்து எண்ணெய் எடுத்துக் கொடுத்தேன். பூட்டுத் திறந்தது. கதவைத் தள்ளிவிட்டு உள்ளே போகாமல் நின்றார். உள்ளே ஒரே இருட்டு. டார்ச் அடிக்கவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். "லைட்டைப் போட்டுட்டுப் போவோம். ஆத்தா அதைத்தான கேட்டாக" என்றார்.

ஏணி அந்த வீட்டில் இருந்தது. நான் ஏறப் போனபோது கலை என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவளே ஏறி, நிலைக்கு மேலிருந்த ஒயரைப் பிரித்தாள். அடைத்த அறைக்குள் கால் வைப்பதற்கு முன்னால் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அதன் பிறகுதான் உள்ளே போனாள். அதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. கதவு வழியாக வந்த வெளிச்சத்திலேயே, சுவரை வெட்டாமல், சாமான் எதையும் நகர்த்தாமல், அந்தச் சுருளை உத்தரத்தை ஒட்டி எடுத்து, என் பையில் இருந்த ஹோல்டரையும் பல்பையும் வைத்து ஒரு பாயின்ட் இறக்கினாள். அதற்குள் நான் மெயின் போர்டுக்குப் போய் கரண்டு கசிகிறதா என்று பார்க்கிற மெக்கர் கருவியை வைத்துப் பழைய ஒயரைச் சோதித்தேன். கெடாமல் நன்றாகவே இருந்தது. காலியாகக் கிடந்த இடத்தில் ஃபியூஸைப் போட்டேன்.

விளக்கு எரிந்தது. அண்டாக்கள், குத்துவிளக்குகள், ஒரு மர பீரோ, கொடியில் இரண்டு கண்டாங்கிச் சேலைகள். அந்தச் சேலைகளைப் பார்த்ததும் சிதம்பரம் செட்டியார் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். ஆச்சி போய் அவர் பக்கத்தில் நின்றார். "அழாதீக தம்பி, அழாதீக" என்று அவரும் அழுதார். எத்தனையோ காலம் பேசாமல் இருந்தவர்கள். நானும் கலையும் நடைக்கு வந்துவிட்டோம்.

வேலை எப்படிப் பிடிப்பது என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தத் தளத்தில் சேருங்கள், படம் போடுங்கள், தப்பில்லை. தொலைநோக்காளர் என்றுகூடப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் செய்யாத வேலையைச் செய்ததாகப் போடாதீர்கள். பாக்கி இருந்தால் பாக்கி என்று எழுதுங்கள். அதனால் கை நழுவிப் போகிற வேலை போகத்தான் செய்யும். எங்களுக்கும் போனது, அது திரும்பி வரவில்லை.

கிளம்புகிற நேரத்தில் ஆச்சி எங்களை மெயின் போர்டுக்குக் கூட்டிப் போனார். மரப்பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் என் பெயரும் கடை நம்பரும் இருந்தன. முன்பு எப்போதோ நானே எழுதியது. அது லேண்ட்லைன் நம்பர், இப்போது இல்லை.

"கலை, இதுக்குப் பக்கத்துல ஒன் நம்பரை எழுதிட்டுப் போ. இன்னும் ஒரு அறை இருக்குல்ல. அவுக எப்ப வாராகளோ, யாரு வந்தாலும் ஒன்னையத்தான் கூப்பிடணும்" என்றார்.

கலை என்னைப் பார்த்தாள். மறுநாள்தான் சென்னைக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.

"பென்சில் அழிஞ்சு போயிரும்ப்பா. ஃபேஸ் ஒயர் எதுன்னு குறிக்க வச்சிருக்கீகளே சிவப்புப் பெயின்ட், அதை எடுங்க" என்றாள்.